திரையின் மூலையில் அண்ணையின் நேரம்

யூலை 8, செவ்வாய்

என் லப்ரொப்பின் பற்றரியைக் குடிப்பது அண்ணை. சந்தேகமாக எழுதவில்லை. நடப்பதை எழுதுகிறேன்.

சோளகக் காற்று. காலையில் துடைத்த மேசையில் பத்து மணிக்கே மண். வெளியே காயும் வலைகளின் நாற்றம். குருநகரில் இதற்கு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை.

பழைய இயங்குதளம் இனிப் பாதுகாப்பில்லையாம், புதியதைப் போடு என்று ரொறன்ரோவில் இருந்து அண்ணை கட்டளை. சனிக்கிழமை போட்டேன். நீலத்திரை. "அணைக்க வேண்டாம்." அணைக்காமல் கும்பிட்டுக்கொண்டு இருந்தேன். மேம்பட்டது என்ன? கீழே இருந்த பொத்தான்கள் நடுவுக்கு வந்திருக்கின்றன. கூராக இருந்த மூலைகள் வளைந்திருக்கின்றன. முன்பு மூன்றரை மணித்தியாலம் நின்ற பற்றரி ஒன்றரையில் சாகிறது.

அடுத்த செவ்வாய் வேலைக்கான சோதனை. நகரத்துக் கொம்பனி ஒன்றில் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. பிழை கண்டுபிடிக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மின்னஞ்சலில் வந்தது: சொந்த லப்ரொப்புடன் வரவும். முழுச் சார்ஜ். மண்டபத்தில் பிளக் வசதி இல்லை. மு.ப. 11 முதல் பி.ப. 1 வரை.

ஒன்றரை மணித்தியாலப் பற்றரியோடு இரண்டு மணித்தியாலச் சோதனை. கிடைக்காவிட்டால் திரும்பவும் போட்டோக்கொப்பிக் கடை. மற்றவர்களின் அடையாள அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் வாழ்க்கை.

லப்ரொப் அவனுடையது. புதிது வாங்கியதும் பழையதைச் சாமான் பெட்டியில் போட்டு அனுப்பினான், சவர்க்காரத்துக்கும் சொக்லேற்றுக்கும் நடுவில். ஒரு மாதம் லப்ரொப்பில் சவர்க்கார வாசம். "மகன் தங்கச்சிக்கு லப்ரொப் அனுப்பியிருக்கிறான்" என்று அம்மா கோயில் வாசலில் எல்லோருக்கும் சொன்னார். தான் பாவித்து முடித்ததை அனுப்பியிருக்கிறான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நேரில் "நீங்கள்". இந்த நாட்குறிப்பில் "அவன்".

யூலை 9, புதன்

செய்தவை:
திரை வெளிச்சம் பாதிக்குக் கீழே. கண் எரிகிறது.
தானாகத் தொடங்கும் நிரல்கள், பெயர் தெரிந்தவை எல்லாம் நிறுத்தம்.
மின்சேமிப்பு எப்போதும்.
புளூரூத் நிறுத்தம்.
இணையத்தில் ஒருவர்: "புதிய இயங்குதளம் உங்கள் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருக்கும். சில நாள் பொறுங்கள்." பொறுத்தாயிற்று.

பலன்: இல்லை. வீட்டில் ஒழுங்கான பிளக் முன்னறையில் மட்டும், அங்கே அம்மா, வானொலி, வருவோர் போவோர். படிக்க உள்ளறைக்குத்தான் கொண்டுபோகவேண்டும். அங்கே முதல் ஒரு மணித்தியாலம் நல்ல பிள்ளை. பிறகு மின்விசிறி ஊளையிடுகிறது, அடிப்பக்கம் மடியைச் சுடுகிறது. நான் செய்தது ஒரு பக்கம் வாசித்தது மட்டும்.

பின்னேரம் டிலானி. என்னோடு படித்தவள், அதே சோதனைக்கு வருகிறாள். புது லப்ரொப். மூடியில் பிளாஸ்ரிக் உறை அப்படியே.

"உரிக்கேல்லையே?"

"உரிச்சால் கீறும் எண்டு அப்பா சொன்னவர்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"தெரியாதடி. முடியுமட்டும் நான் இன்னும் பாக்கேல்லை."

முடியுமட்டும் பார்க்கத் தேவையில்லாத பிறவி.

"உன்ரை நிக்காட்டில் அப்பான்ரை ஒஃபிஸ் லப்ரொப் ஒண்டு சும்மா கிடக்குது. கேட்டு வாங்கித் தரட்டே?"

வேண்டாம் என்றேன். சும்மா கிடக்கிறதாம். அவளில் பிழை இல்லை. நல்லவளாக இருப்பதற்கும் அவளிடம் வசதி இருக்கிறது, அதுதான் பொறுக்கவில்லை.

யூலை 10, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கடைகள் பூட்டு. காற்று குறையவில்லை.

லப்ரொப்பின் வலது மூலையில் தெரியும் நேரம் எங்களுடையது அல்ல, ரொறன்ரோவுடையது. பெட்டி திறந்த அன்றே மாற்றப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார். "உதிலை கை வைக்காதை. அது அவன்ரை மணி."

அன்றிலிருந்து நான் படிக்காத நேரமெல்லாம் லப்ரொப் முன்னறை மேசையில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், திறந்தபடி. இரவு படுக்கமுன் நான்தான் மூடுவது. அம்மாவின் போன் பொத்தான் போன், அதில் உள்ள எழுத்து கண்ணுக்குத் தெரியாது. சுவர் மணிக்கூடு நின்று கனகாலம். மூலையில் பத்து என்றால் அண்ணை வேலைக்கு வான் வண்டி எடுக்கும் நேரம். இரவு முழுவதும் கடைகளுக்குப் பேக்கரிப் பாண் இறக்கும் வேலை. அம்மா செபமாலையை எடுப்பார். எங்களுக்கு அப்போது காலை ஏழரை. மூலையில் ஆறரை என்றால் அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மா லப்ரொப்பில் அழைப்புக்குரிய பச்சைப் பொத்தானை அமத்துவார். எங்களுக்குப் பின்னேரம் நாலு. நடுவில் சமையல், தோய்த்தல், அயலாரோடு கதை, எல்லாம் அவன் ஓட்டத்துக்கு இடையில்.

பக்கத்து வீட்டு றெஜினா அக்கா வேலிக்கு மேலால்: "மேரியக்கா, ரொறன்ரோவிலை இண்டைக்கு என்ன கறி?" அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கறியைச் சொன்னார்.

நான் அந்த மூலையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். எனக்குப் போன் இருக்கிறது.

அப்பா இருந்தபோதும் இப்படித்தான். வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம் அம்மாவுக்கு உடம்பில் தெரியும். வெளியே போனவனுக்குத்தான் இந்த வீட்டில் மணி ஓடும். இரண்டு மாரிக்கு முன் அண்ணையின் வான் பனியில் சறுக்கி மதிலில் மோதியது. அவனுக்குக் கீறல்கூட இல்லை, அம்மாவுக்குத்தான் இன்னும் மாறவில்லை. பயம் நியாயமானது. எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் எரிச்சல் குறையவில்லை.

நாலு மணி. அவன் முகம் திரையில்.

"என்னடி, புதுசு போட்டனியே? வேகமாய் ஓடுதே?"

"பற்றரி நிக்குதில்லை அண்ணை."

"சார்ஜரைக் குத்திப்போட்டுப் பாவியன்."

"சோதினையிலை குத்த இடமில்லை."

"எந்தச் சோதினை?"

மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். வாய் திறக்க முதல் அம்மா: "அவனைக் கரைச்சல்படுத்தாதை, பிள்ளை. வேலையாலை வந்து நிக்கிறான். மோனை, சாப்பிட்டியே?"

நானும் இன்று மத்தியானம் சாப்பிட்டிருக்கவில்லை. போகட்டும்.

யூலை 11, வெள்ளி

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு திருத்தும் கடை. கடைக்காரர் லப்ரொப்பைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. கவிழ்த்தார், நிறுத்துப் பார்ப்பதுபோல் கையில் வைத்தார்.

"கனடாச் சாமானே தங்கச்சி? பற்றரி செத்துப்போச்சுது. மாத்தோணும்."

"போடாமலே சொல்லுறியள்?"

"நாங்கள் எத்தினையைப் பாத்தனாங்கள்."

எனக்குப் பிறகு வந்த பெடியனின் லப்ரொப்பைப் போட்டார், கழற்றினார், ஊதினார், "மச்சான், இதைப் பார்" என்று உள்ளே காட்டவும் செய்தார். நான் லப்ரொப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் பற்றரி அறிக்கை எடுத்துப் பார்த்தேன். அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது, கறுப்புத் திரையில் ஒரு வரி. பற்றரி புதிதில் கொண்ட அளவில் பெரும்பகுதியை இன்னும் கொள்கிறது. சாகவில்லை. யாரோ குடிக்கிறார்கள்.

யூலை 12, சனி

கண்டுபிடித்தேன்.

அமைப்புகளுக்குள் ஒரு வரைபடம், எந்த மணித்தியாலத்தில் எவ்வளவு மின் போனது என்று. ஆக உயரமான கோடு இரவு இரண்டு மணியில். அந்த நேரத்தில் திரையும் எரிந்திருக்கிறது. அப்படியென்றால் யாரோ முன்னால் இருந்திருக்கிறார்கள்.

இரவு இரண்டு மணிக்கு நான் நித்திரை. இந்த வீட்டில் இன்னொருவர்தான் இருக்கிறார். அவருக்கு லப்ரொப்பில் தெரிந்தது ஒரே ஒரு பொத்தான்.

ஆக, நாலு மணிக்கு எனக்கு முன்னால் கதைப்பது காணாது. நான் படுத்த பிறகு தனியாக ஒரு கதை இருக்கிறது. என்ன கதைப்பார்கள்? என்னோடு அம்மா கதைப்பது: உப்புப் பார். கதவைச் சாத்து. தண்ணி அள்ளு. அவனோடு அம்மா சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் அடுத்த அறையில் இருந்து கேட்டிருக்கிறேன். எனக்கு முன்னால் அப்படிச் சிரித்தது ஞாபகம் இல்லை.

படுக்கமுன் மூடியின் மேல் ஒரு நூல் வைத்தேன். யாராவது திறந்தால் விழும். சின்னத்தனம். வைத்தேன்.

யூலை 13, ஞாயிறு

நூல் நிலத்தில் கிடந்தது. அம்மா முதற்பூசைக்குப் போய்விட்டார். நான் போகவில்லை.

வந்து முக்காட்டை மடிக்கும்போது கேட்டேன்.

"ராவிலை ரண்டு மணிக்கு அண்ணையோடை என்ன கதைக்கிறனீங்கள்?"

"ஆர்?"

"மறைக்காதேங்கோ. லப்ரொப் காட்டுது."

"விசரே உனக்கு? ரண்டு மணிக்கு அவன் றோட்டிலை நிக்கிறவன். ஓடேக்கை போன் எடுத்து அவனைச் சாகச் சொல்லுறியே?"

"அப்ப ஆர் லப்ரொப்பிலை இருந்தது?"

"எனக்கென்ன தெரியும்? ரண்டு மணிக்கு நான் குசினியிலை. வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிக்கிறனான். நீதான் உள்ளறையிலை அதைத் தூக்கி மடியிலை வைச்சிருக்கிறனி."

"ராவிலை ரண்டு மணிக்கு வெங்காயமோ?"

"என்னோடை கத்தாதை. இண்டைக்கு ஞாயிறு."

கத்தினேன். உங்களுக்கு ஒரு பிள்ளைதான், நான் இந்த வீட்டில் சும்மா நிற்கிற கதிரை என்றேன். அம்மா வெங்காயத்தை எடுத்தார்.

அதே நாள், பின்னேரம்

அம்மாவுக்குப் பொய் வராது. அப்படியென்றால் இரண்டு மணிக்கு வெங்காயம் உரிப்பது யார்? இந்தக் கேள்வியோடு மத்தியானம் முழுக்க இருந்தேன். பிறகு போய் அந்த உயரமான கோட்டின் மேல் அழுத்தினேன். முன்பே அழுத்தியிருக்கவேண்டும். அந்த நேரத்தில் திறந்திருந்தவற்றின் பட்டியல் வந்தது. முதலாவது: நான் சோதனைக்குப் படிக்கும் தளம்.

இரவு இரண்டு மணிக்குத் திரைக்கு முன்னால் இருந்தது நான்.

ரொறன்ரோவில் இரவு இரண்டு என்றால் இங்கே பகல் பதினொன்றரை. வரைபடமும் அவன் மணியில். ஒரு வருடம் அந்த மூலையைப் பார்க்காமல் இருக்கப் பழகியவளுக்கு, பார்க்கவேண்டிய அன்று பார்க்கத் தோன்றவில்லை. அம்மா இரண்டு மணி என்றால் அவன் இரண்டு மணிதான். வேறு இரண்டு மணி அவருக்குக் கிடையாது. காலையில் நூல் விழுந்ததுகூட, பூசைக்குப் போகமுன் மணி பார்க்க அவர் மூடியைத் திறந்ததால்.

பட்டியலில் இரண்டாவது: கோப்புகளைப் பிரதி எடுத்து அனுப்பும் நிரல். கணக்கு, அண்ணையின் பெயரில். தான் வேலைக்குப் போன பிறகு, வீட்டில் சார்ஜில் கிடக்கும் லப்ரொப் இரவு இரண்டு மணிக்கு எல்லாவற்றையும் பிரதி எடுக்கட்டும் என்று எப்போதோ வைத்திருக்கிறான். "சார்ஜில் இருந்தால் மட்டும்" என்ற சரி அடையாளம் இவ்வளவு நாளும் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. புதிய இயங்குதளம் வந்து அந்த அடையாளத்தை எடுத்துவிட்டது. அதனால் தினமும் பதினொன்றரைக்கு, நான் பிளக் இல்லாத அறையில் படிக்கும்போது, லப்ரொப் அவன் இரவு வேலையைத் தொடங்குகிறது. என் குறிப்புகள், என் விண்ணப்பம், சந்தையில் எடுத்த என் படம், எல்லாம் அவன் களஞ்சியத்துக்கு.

சோதனை பதினொன்றில் இருந்து ஒன்று வரை. நடுவில் செத்திருக்கும்.

ஆக, செவ்வாய் எழுதிய முதல் வரி சரி. அம்மாவைப் பற்றி எழுதியது பிழை. போய்ச் சொல்லவில்லை.

யூலை 14, திங்கள்

காற்று. ஒரு தூறல், உடனே காய்ந்தது.

செய்தவை மூன்று. அண்ணையின் கணக்கை நீக்கினேன். பிரதி எடுக்கும் நிரலை நீக்கினேன். மூலையில் உள்ள நேரத்தைக் கொழும்புக்கு மாற்றினேன்.

மூன்றாவது தேவையில்லை. முதல் இரண்டோடு பற்றரி சரி. இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டவும் வழி இருக்கிறது. அதுவும் தெரியும். செய்யவில்லை. அம்மாவுக்குச் சொல்லவும் இல்லை.

உள்ளறையில் ஓடவிட்டுப் பார்த்தேன். பதினொன்றரை. சத்தமில்லை. மூன்று மணித்தியாலம் தாண்டியும் நின்றது. சந்தோசத்தில் தனியாக ஒரு ஆட்டம். கொண்டுபோய் மேசையில் வைத்தேன், மாதாவுக்குப் பக்கத்தில்.

நாலு மணி. அம்மா மூலையைப் பார்த்தார். நாலு. அவன் இன்னும் றோட்டில் என்று திரும்பவும் முதலாம் மணியில் இருந்து செபமாலை. ஐந்து. ஐந்தரை. "இண்டைக்கு என்ன நேரம் போகுதில்லை" என்று தனக்குள். பார்த்துக்கொண்டு இருந்தேன். சொல்லவில்லை. ஆறரைக்கு வெளியே இருட்டத் தொடங்கும்போது பச்சைப் பொத்தான்.

கனநேரம் அடித்தது. பிறகு கறுப்புத் திரையில் அவன் குரல்.

"அம்மா! என்ன? ஆருக்கு என்ன?"

"ஒண்டுமில்லை மோனை. இப்பதானே வந்தனி?"

"வந்து ரண்டரை மணித்தியாலம்! இப்பதான் கண் மூடினனான். நாலு மணிக்கு நீங்கள் எடுக்கேல்லை, பிள்ளை படிக்கிறாளாக்கும் எண்டு விட்டிட்டன்."

அம்மா மூலையைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். திரும்பவும் மூலையை.

"அப்ப நான் இவ்வளவு நேரமும் ஆருக்குச் செபிச்சனான்?"

அண்ணைக்கு விளங்கவில்லை. நித்திரைக் கலக்கத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்தான். அம்மா என் பக்கம் திரும்பினார். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ மாத்தினனியே?"

"ஓம்."

"ஏனடி?"

"பற்றரிக்கு."

"திரும்ப வை."

"நாளைக்குச் சோதினை முடியட்டும்."

சோதனைக்கும் மணிக்கும் தொடர்பில்லை. அம்மாவுக்கு அது தெரியாது. அந்தத் தெரியாமையில் கால் வைத்து நின்றேன்.

யூலை 15, செவ்வாய்

காலை அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை மணி கழிக்கவேண்டும், கூட்டவேண்டும். கணக்குப் பிழைத்தது, திரும்ப எண்ணினார். நான் லப்ரொப்பைப் பைக்குள் வைத்தேன். "போட்டு வாறன்" என்றேன். "ம்" என்றார், விரலில் இருந்து கண் எடுக்காமல்.

மண்டப வாசலில் டிலானி, அவள் அம்மா, சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், குடை. ஒரு பிள்ளைக்கு ஒரு படை. டிலானி கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

சோதனை: ஓர் இணையக் கடை, வேண்டுமென்றே பிழைகள் வைத்தது. கண்டுபிடித்து எழுதவேண்டும். பதினொன்றரைக்குக் கையை நிறுத்திக் காதைக் கொடுத்தேன். மின்விசிறி பேசவில்லை. பிறகு நேரம் போனது தெரியவில்லை. அவர்கள் வைத்ததாகச் சொன்னதைவிட ஒன்று கூடுதலாக எழுதினேன். அது அவர்களுக்கே தெரியாத பிழை. மேற்பார்வைக்கு நின்றவர் வந்து குனிந்து பார்த்து, இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். முடியும்போது பற்றரி பாதிக்குக் கிட்ட.

வெளியே வந்தபோது டிலானியின் அம்மா தன் மகளுக்கு முதல் என்னைக் கண்டார்.

"எப்பிடி மகள் செய்தனி?"

"நல்லாச் செய்தன் அன்ரி."

"வடிவாய்ச் சிரிக்கிறாய், அதிலையே தெரியுது. இந்தா, ஒரு பற்றிஸ் சாப்பிடு."

சாப்பிட்டேன். எனக்கு வேறு ஒருவரின் அம்மா கேட்கவேண்டியிருக்கிறது.

பஸ், வெயில், வீடு. இரண்டரை இருக்கும். அம்மா வாசலில் நின்றார். வழி பார்த்து நிற்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதவே வெட்கம்.

"கொண்டுவந்திட்டியே? மேசையிலை வை. அவன்ரை மணியைப் போட்டு விடு, பிள்ளை. இப்ப அவன் எங்கை நிக்கிறான் எண்டே தெரியேல்லை."

வைத்தேன். மூடியைத் திறக்கவில்லை. மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"கேளுங்கோ."

"என்னத்தை?"

"சோதினை எப்பிடி எண்டு. ஒருக்கால் கேளுங்கோ. கேட்டால் மாத்திறன்."

அம்மா என் கையைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். செபமாலையை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினார். வெளியே றெஜினா அக்கா யாரையோ ஏசும் சத்தம்.

"கேளுங்கோ அம்மா."